தோட்டத்துப் பிள்ளையும் முதலீட்டு வங்கியும்



சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மா, சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து ஈப்போவில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உதிரிப்பழம் பொறுக்கியவர். கணவர் அதே தோட்டத்தில் தண்டலாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்தவர் உட்காருவதற்கு முன்பே கேட்டார்:

“ஐயா, மகள் கம்பாரில் பட்டப்படிப்பு இரண்டாம் வருஷம் படிக்கிறாள். பேங்கு வேலைக்குப் போகப் போகிறேன் என்றாள். நல்லதுதானே என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஆனால் அந்தப் பேங்கில் யாரும் பணம் போட மாட்டார்களாம், எடுக்கவும் மாட்டார்களாம். கவுண்டரே கிடையாதாம். ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி வரைக்கும் வேலையாம். போன வாரம் கோலாலம்பூருக்கு நேர்காணலுக்குப் போய் வந்தவள், இரண்டு நாளாக யாரோடும் பேசவில்லை. அப்படியும் ஒரு பேங்கு உண்டா? பிள்ளையை யாராவது ஏமாற்றுகிறார்களா?”

அந்த அம்மாவுக்குச் சொன்ன பதிலையே இன்று உங்களுக்கும் சொல்லலாம் என்று இருக்கிறேன். அவர் கேட்ட கேள்வி இப்போது பல வீடுகளில் இருக்கிறது.

அப்படி ஒரு வங்கி உண்டு. அதற்கு முதலீட்டு வங்கி என்று பெயர். நாம் சம்பளம் எடுக்கப் போகும் வங்கி, ஒருவர் போட்ட பணத்தை இன்னொருவருக்குக் கடன் கொடுத்து, அந்த வட்டியில் வாழ்கிறது. முதலீட்டு வங்கியின் பிழைப்பு வேறு. உங்கள் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாயிரம் ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். அதை வைத்திருக்கும் நிறுவனம் விற்க நினைக்கிறது. என்ன விலை கேட்பது? மரத்துக்கு ஒரு மதிப்பு, ஆலைக்கு ஒரு மதிப்பு, பெரிய சாலையை ஒட்டி நாளைக்கு வீடமைப்புக்குப் போகக்கூடிய மூலைக்கு வேறொரு மதிப்பு. வாங்க வருகிறவரிடமும் முழுத் தொகை ரொக்கமாக இருக்காது. அவர் தம் நிறுவனத்தின் பங்குகளை விற்றோ, கடன் பத்திரம் வெளியிட்டோ பணம் திரட்ட வேண்டும். இந்தக் கணக்குகளைப் போட்டு, பேரத்தில் உடன் இருந்து, பணத்தைத் திரட்டிக் கொடுத்து, கடைசிக் கையெழுத்து விழும்வரை இழுத்துக்கொண்டு போகிறவர்களே முதலீட்டு வங்கியினர். காரியம் முடிந்ததும் தொகைக்கு ஏற்பக் கட்டணம் வாங்கிக்கொள்வார்கள்.

“கல்யாணத் தரகர் மாதிரி என்று சொல்லுங்கள்” என்றார் அந்த அம்மா. ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் இந்தத் தரகருக்குக் கூட்டல் கழித்தலில் ஒரு புள்ளி பிசகினாலும் போயிற்று.

நம் நாட்டில் முதலில் இவை மெர்ச்சண்ட் வங்கி என்ற பெயரில் இருந்தன. 2005-ஆம் ஆண்டில் பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் புதிய விதிகளை வகுத்த பிறகு, பங்குத் தரகு நிறுவனங்களோடு இணைந்து முதலீட்டு வங்கிகள் ஆயின.

இதெல்லாம் கோலாலம்பூரின் கண்ணாடி மாளிகைச் சங்கதி, நமக்கு என்ன என்று நினைக்கிறீர்களா? நம் தாத்தா பாட்டியைக் கப்பலேற்றி வந்ததே இந்தத் தொழில்தான் என்று சொன்னால் மிகையாகாது. 1910-ஆம் ஆண்டில் லண்டனில் ரப்பர் விலை ராத்தலுக்குப் பன்னிரண்டு ஷில்லிங்கைத் தாண்டியது. மலாயாவில் தோட்டம் போடுகிறோம் என்று சொல்லி நிறுவனம் நிறுவனமாக அங்கே பங்கு விற்றார்கள். மலாயா எந்தத் திசையில் இருக்கிறது என்று அறியாதவர்களும் வாங்கினார்கள். அந்தப் பணம்தான் இங்கே காடு வெட்டியது, கன்று நட்டது, லயம் கட்டியது. சீமையில் பங்கு விலை ஏறினால் இங்கே ஆள் சேர்த்தார்கள். இறங்கினால் ஆளைக் குறைத்தார்கள். பிரட்டுக் களத்தில் நின்றவர்களுக்குக் காரணம் மட்டும் தெரியாது.

இன்னொரு நாளையும் சொல்ல வேண்டும். 1981-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள், திங்கட்கிழமை. 1821-இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட கத்ரி நிறுவனத்துக்கு அப்போது நம் நாட்டில் ஏறத்தாழ இரண்டு லட்சம் ஏக்கர் தோட்டம் இருந்தது. ஆனால் அதன் பங்குகள் லண்டன் சந்தையில் கைமாறிக்கொண்டிருந்தன. அன்று காலை அங்கே வியாபாரம் தொடங்கியதும், பெர்மோடாலான் நேஷனல் என்னும் நம் நாட்டு முதலீட்டு நிறுவனத்துக்காகத் தரகர்கள் பங்குகளை வாங்கிக் குவித்தார்கள். நான்கு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேற்பட்ட பங்குகள் மலேசியாவின் கைக்கு வந்துவிட்டன. அதிகாலைத் தாக்குதல் என்று பத்திரிகைகள் அதற்குப் பெயர் வைத்தன. அதற்கு வியூகம் வகுத்தது ரோத்சைல்டு என்னும் லண்டனின் பழைய முதலீட்டு வங்கி. துப்பாக்கியும் இல்லை, சண்டையும் இல்லை, கணக்கும் தொலைபேசியும்தான்.

அங்கே காலை என்றால் நம்மூரில் பிற்பகல். கத்ரி தோட்டங்களில் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, சோற்றுக்கு உட்கார்ந்திருப்பார்கள். முதலாளி மாறிய செய்தி அவர்களுக்கு மறுநாள் கிராணி சொல்லித் தெரிந்திருக்கலாம்.

பிறகு 2007-இல், சைம் டார்பி, கத்ரி, கோல்டன் ஹோப் ஆகிய மூன்றும் ஒரே குடையின்கீழ் வந்தன. முப்பது பில்லியன் வெள்ளிக்கு மேற்பட்ட அந்த இணைப்புக்கு உருவம் கொடுத்தது சி.ஐ.எம்.பி. என்னும் நம் நாட்டு முதலீட்டு வங்கி. பேராக்கில் எத்தனையோ தோட்டங்களின் பெயர்ப்பலகை மாறியது அப்படித்தான்.

ஆங்கிலேய நிறுவனங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போய், வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்ற காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் நடந்தது அது. ஒரு துண்டு வாங்கியவருக்கு ஐந்து ஆள் போதும். மீதிக் குடும்பங்கள் சாமானைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு வந்தன. சுங்கை சிப்புட்டின் மைந்தர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்காகத்தான். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். அந்தப் பணத்தில் சங்கம் முதலில் வாங்கியது கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம். சிறுகச் சிறுகப் பணம் திரட்டுவது, மதிப்புப் போடுவது, பேரம் பேசி வாங்குவது என்று பார்த்தால், முதலீட்டு வங்கியினர் செய்யும் அதே காரியத்தை நம்மவர்களும் ஒரு முறை செய்திருக்கிறார்கள். அதற்கு அன்றைக்கு நாம் அந்தப் பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எல்லா முயற்சியும் அப்படி அமையவில்லை. 1982-இல் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கியபோது ஏறத்தாழ 66,000 பேர் பங்கு வாங்கினார்கள். நூறு மில்லியன் வெள்ளிக்கு மேல் சேர்ந்தது. தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். 2010-இல் அந்தப் பங்கை 80 காசுக்கு எடுத்துக்கொள்ள ஒருவர் முன்வந்தார். ஒரு வெள்ளிப் பங்கு, 28 ஆண்டுகளுக்குப் பிறகு! குற்றம் யாருடையது என்று பேச நான் இங்கே வரவில்லை. அந்த 66,000 வீடுகளில், பங்கு வெளியீட்டு அறிக்கையை வரிவரியாகப் படித்து, இதில் போடலாம், இதில் போடக்கூடாது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தார்கள்? அதைத்தான் கேட்கிறேன்.

பங்கே வேண்டாம் என்று ஒதுங்கினாலும் ஒதுங்க முடியாது. 1951 முதல் நம் சம்பளத்தில் பிடிக்கப்படுகிற சேமநிதி சும்மா பெட்டியில் உறங்கவில்லை. வாரியம் அதை நிறுவனங்களின் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் போட்டுத்தான் நமக்கு லாப ஈவு கொடுக்கிறது.

சரி, அந்தப் பெண்ணின் கதைக்கு வருவோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு தாயும் தகப்பனும் வந்தார்கள். நேர்காணலில் என்ன நடந்தது என்று கேட்டேன். முதலில் சொல்ல மாட்டேன் என்றாள். பிறகு சொன்னாள்.

கல்லூரி விடுமுறையில் மூன்று மாதம் பயிற்சிக்கு எடுப்பதற்காக ஒரு முதலீட்டு வங்கி நடத்திய நேர்காணல் அது. மேசையைச் சுற்றி ஆறு மாணவர்கள். இருவர் வெளிநாட்டில் படிப்பவர்கள். மற்றவர்கள் தலைநகரத்துப் பிள்ளைகள். எல்லாருக்கும் ஒரே கேள்வி: “ரப்பரும் செம்பனையும் உள்ள ஒரு தோட்ட நிறுவனம் விலைக்கு வருகிறது. அதை எப்படி மதிப்பிடுவீர்கள்?”

மற்றவர்கள் சரளமான ஆங்கிலத்தில் சூத்திரங்களை எடுத்துவிட்டார்கள். இவளுக்கும் அந்தச் சூத்திரம் தெரியும். அதற்கு மேலும் தெரியும். ரப்பர் மரம் ஐந்தாறு வருஷம் கழித்துத்தான் பால் தரும். இருபத்தைந்து, முப்பது வருஷம் ஆனால் அடித்துவிட்டு மறுநடவு செய்ய வேண்டும். அந்த இடைக்காலத்தில் அந்த நிரைகளில் வருமானமே இல்லை. பட்டை எத்தனை முறை வெட்டி மறுபடி வளர்ந்தது என்று பார்க்க வேண்டும். காலையில் மழை பிடித்தால் அன்றைக்கு வெட்டு இல்லை. இலையுதிர் மாதங்களில் பால் குறையும். ஆள் பற்றாக்குறையால் வெட்டாமல் கிடக்கும் நிரைகள் கணக்கில் இருக்கும், ஆனால் பாலில் இராது. இவ்வளவும் அவள் படித்துத் தெரிந்துகொண்டவை அல்ல. சிறுவயதில் வாளி தூக்கிக்கொண்டு அம்மா பின்னால் போனபோது கேட்டவை.

“ஏன் சொல்லவில்லை?” என்றேன்.

“உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், ஐயா. என் அம்மா மரம் வெட்டியவர் என்று அந்த மேசையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை” என்றாள்.

தாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தகப்பனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் சட்டென்று பேச்சு எழவில்லை.

பிறகு மதிப்பிடும் கணக்கைப் பற்றி நாங்கள் நால்வரும் பேசினோம். அதை உங்களுக்கும் சொல்கிறேன். புரியாத வித்தை ஒன்றும் இல்லை. கூட்டுப் பிடித்தவர்களுக்கு அது பாதி தெரியும். (1971-இலேயே கூட்டுக்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது, ஆகவே பிடித்தவர்கள் கையைத் தூக்க வேண்டாம்.) ஏலக்கூட்டில் முதல் மாதம் பணத்தை எடுக்கிறவர் தள்ளுபடி கொடுத்துக் குறைவாக எடுக்கிறார், கடைசி வரை பொறுத்தவர் முழுத் தொகையை எடுக்கிறார். ஏன்? இன்றைக்குக் கையில் இருக்கும் வெள்ளியும் நாளைக்கு வரப்போகும் வெள்ளியும் ஒரே விலை அல்ல. ஆண்டுக்கு ஏழு விழுக்காடு கிடைக்கும் என்றால் போட்ட பணம் பத்து ஆண்டில் ஏறத்தாழ இரட்டிக்கும். அப்படியானால் பத்து ஆண்டு கழித்து வரப்போகும் ஆயிரம் வெள்ளிக்கு இன்றைய விலை ஏறத்தாழ ஐந்நூறு. ஒரு தோட்டம் அடுத்த இருபது ஆண்டுகளில் வருஷா வருஷம் தரப்போகும் லாபத்தை ஒவ்வொன்றாக இப்படி இன்றைய விலைக்குக் குறைத்துக் கூட்டினால், தோட்டத்தின் மதிப்பு வந்துவிடும். சூத்திரம் இவ்வளவுதான். ஆனால் அந்த இருபது ஆண்டு லாபம் எவ்வளவு என்பதைச் சூத்திரம் சொல்லாது. அதற்கு மரத்தைத் தெரிய வேண்டும், மழையைத் தெரிய வேண்டும், ஆளைத் தெரிய வேண்டும். அந்த மேசையில் உட்கார்ந்திருந்த ஆறு பேரில் அது தெரிந்தவள் ஒருத்திதான். அவள் வாயைத் திறக்கவில்லை.

இந்த வேலைக்கு ஆசைப்படும் பிள்ளைகள் எதையெல்லாம் முன்கூட்டியே செய்ய வேண்டும் என்பதைப் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் மற்ற வேலைகளைப் போல், பட்டம் வாங்கிய பிறகு விண்ணப்பம் எழுதினால் பல சமயம் காலம் கடந்திருக்கும். விடுமுறைப் பயிற்சியில் நன்றாகச் செய்தவர்களையே பிறகு வேலைக்கும் எடுத்துக்கொள்வது இந்தத் தொழிலின் வழக்கம். ஆகவே இரண்டாம் ஆண்டிலேயே பயிற்சிக்கு எழுதிப் போட வேண்டும். ஒன்றுக்கு எழுதிவிட்டுக் காத்திருக்காமல், பத்து இருபது இடங்களுக்கு எழுத வேண்டும். தலைநகரத்துப் பிள்ளைக்கு இதை மாமனோ, பக்கத்து வீட்டு அண்ணனோ சொல்லிவிடுகிறார்கள். நம் பிள்ளைக்குச் சொல்ல ஆளில்லை. அறிவில் குறைந்து தோற்பதைவிடத் தேதி தெரியாமல் தோற்கிறவர்களே நம்மில் அதிகம் என்பது நான் கண்ட அனுபவம்.

இடைநிலைப்பள்ளியில் கூடுதல் கணிதத்தை, கஷ்டம் என்று படிவம் நான்கில் விட்டுவிடக் கூடாது. கணக்கியல் பாடம் கிடைத்தால் எடுக்கலாம். எஸ்.டி.பி.எம். ஆனாலும் மெட்ரிகுலேஷன் ஆனாலும் புள்ளிகள் உயர்ந்திருக்க வேண்டும். பேராக்கிலேயே, கம்பாரில், துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகம் 2007 முதல் நடக்கிறது. வங்கியியலும் நிதியியலும் அங்கே உண்டு. அரசாங்கப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. கணக்காய்வு, பொருளியல், பொறியியல் படித்தவர்களையும் இந்த வங்கிகள் எடுக்கின்றன. நிறுவனங்களுக்கு இத்தகைய ஆலோசனை சொல்லும் வேலையைப் பார்க்க, 2007-ஆம் ஆண்டு மூலதனச் சந்தைச் சட்டப்படி ஆணையத்தின் உரிமம் வேண்டும். சி.எப்.ஏ. என்ற அனைத்துலகத் தேர்வு ஒன்றும் உண்டு. மூன்று கட்டம், ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ முந்நூறு மணி நேரம் படிக்க வேண்டும் என்று நடத்துகிறவர்களே சொல்கிறார்கள். முதல் கட்டத்தைப் படிக்கும்போதே, கடைசி ஆண்டில் எழுதலாம். கட்டணம் பெரிது, சலுகைக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும்.

ஆங்கிலம் பற்றி ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறார்கள், பேசத்தான் தயங்குகிறார்கள். நான் அந்தப் பெண்ணுக்குச் சொன்ன வழி எளியது. கோலாலம்பூர் கெப்போங் என்ற பெரிய தோட்ட நிறுவனம் 1906-இல் ஒரு ரப்பர் நிறுவனமாகத் தொடங்கியது. பெயரில் கோலாலம்பூர் இருந்தாலும், அதன் பதிவு அலுவலகம் நம் ஈப்போவில், எஸ்.பி. சீனிவாசகம் சாலையில்தான் இருக்கிறது. அதன் ஆண்டறிக்கையைப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் காசு கொடுக்காமல் யாரும் எடுத்துப் படிக்கலாம். தினமும் இரண்டு பக்கம் உரக்கப் படி, படித்ததை உன் வார்த்தையில் ஆங்கிலத்தில் சொல், கேட்க ஆளில்லாவிட்டால் கண்ணாடிக்குச் சொல் என்றேன்.

இனி அந்த அம்மா கேட்ட இரவு வேலை. அது பொய்யில்லை. அமெரிக்காவில் கோல்ட்மன் சாக்ஸ் என்னும் பெரிய முதலீட்டு வங்கியில் முதலாம் ஆண்டு ஊழியர்கள் 13 பேர் தங்களுக்குள்ளே கணக்கெடுத்துப் பார்த்தது 2021-இல் வெளியே வந்தது. வாரத்துக்குச் சராசரி 95 மணி நேரம் வேலை. இரவில் ஐந்து மணி நேரம் தூக்கம். அதிகாலை பிரட்டுக்கு எழுந்தவர்கள்கூடப் பிற்பகலில் வீடு திரும்பினார்கள். 2024-இல் ஜே.பி. மோர்கன் வங்கி, இளைய ஊழியர்களுக்குப் பெரும்பாலும் வாரம் 80 மணி என்று வரம்பு கட்டியதே பெரிய செய்தியாயிற்று! நம் நாட்டிலும் பேரம் முடியும் தறுவாயில் நள்ளிரவு தாண்டும். பழைய செட்டியார் கிட்டங்கிகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, கணக்கு எழுதி, ஓட்டம் ஓடி, அடுத்தாளாகி, பிறகுதான் மேலாளாக உட்கார முடியும். இங்கும் அதே ஏணிதான்; முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பெட்டியடிப் பையன் நிலைதான். உடம்பு தாங்காவிட்டால் விட்டு வருவதில் வெட்கம் வேண்டாம். சேமநிதி வாரியம், பேங்க் நெகாரா, கணக்காய்வு நிறுவனங்கள், தோட்ட நிறுவனங்களின் நிதிப் பிரிவு எல்லாம் இதே படிப்புக்கு இடம் கொடுக்கின்றன. நிரந்தரம் என்ற நினைப்பும் வேண்டாம்: 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி திவாலானபோது ஆயிரக்கணக்கான ஊழியர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

தகப்பனார் அதுவரை பேசாமல் இருந்தவர், “நல்ல தொழில்தானா, ஐயா? மற்றவர் பணம் அல்லவா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. நம் நாட்டிலேயே கண்டோம். 2012, 2013 ஆண்டுகளில் 1எம்.டி.பி. நிறுவனத்துக்காக 6.5 பில்லியன் டாலர் கடன் பத்திரங்களை விற்றுக் கொடுத்தது, சற்றுமுன் சொன்ன அதே கோல்ட்மன் சாக்ஸ்தான். ஏறத்தாழ 600 மில்லியன் டாலர் கட்டணம் வாங்கிக்கொண்டது. பணம் போன வழி வெளியே வந்த பிறகு, 2020-இல் மலேசிய அரசாங்கத்தோடு செய்த உடன்பாட்டில் 2.5 பில்லியன் டாலர் ரொக்கம் கட்ட வேண்டி வந்தது. அந்த வங்கியில் இருந்த ஒரு மலேசியருக்கு 2023-இல் அமெரிக்க நீதிமன்றம் பத்து ஆண்டுச் சிறை விதித்தது. பெரிய படிப்பும் பெரிய சம்பளமும் உள்ளவர்தான் அவரும். உளி கூர்மையானதுதான், மரத்தை வெட்டிப் பாலும் எடுக்கலாம், கட்டையை வெட்டி மரத்தையே கெடுக்கவும் செய்யலாம் என்று அவருக்குச் சொன்னேன். தண்டலாக இருந்தவர் அல்லவா, தலையசைத்தார்.

குடும்பத்தார் செய்ய வேண்டியது பணத்தில் மட்டும் இல்லை. ஆனால் பணமும் வேண்டும். பயிற்சிக் காலத்தில் கொடுக்கும் உதவித்தொகை, கோலாலம்பூர் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதாமல் போகலாம். நேர்காணலுக்கு ஒரு நல்ல சட்டை, காலணி, 2010 முதல் ஓடும் மின்ரயிலில் ஈப்போவிலிருந்து போய்வரக் கட்டணம். பூப்பு நீராட்டு விழாவுக்கு மண்டபம் எடுக்கிற பணத்தில் இந்த மூன்று மாதச் செலவும் அடங்கிவிடும். யாரையும் குறை சொல்லவில்லை; கணக்கைச் சொன்னேன். பி.டி.பி.டி.என். கடன் எடுத்திருந்தால், முதல் வகுப்பில் தேறுகிறவர்களுக்கு விலக்கு உண்டு. நிபந்தனைகளை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பரீட்சைக்கோ நேர்காணலுக்கோ தயாராகும் வாரத்தில், சித்தப்பா வீட்டுப் பால்காய்ச்சலுக்கு வரவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். அவள் பேச விரும்பினால் கேளுங்கள். புரியாவிட்டாலும் கேளுங்கள்.

அந்தப் பெண் மறுபடி ஓர் இடத்துக்கு விண்ணப்பித்தாள். இரண்டு வாரத்துக்கு முன் நேர்காணல் நடந்தது. இந்த முறை தோட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லையாம். மருத்துவமனை நிறுவனம் ஒன்றைப் பற்றிக் கேட்டார்களாம். நான் சிரித்துவிட்டேன். ஆனால் கடைசியில், உன்னைப் பற்றிச் சொல் என்றபோது, அம்மா மரம் வெட்டியதிலிருந்து தொடங்கிச் சொன்னாளாம். முடிவு இன்னும் வரவில்லை.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் அச்செடுத்து வைத்திருந்த ஒரு தோட்ட நிறுவனத்தின் ஆண்டறிக்கை மேசைமேல் கிடந்தது. தகப்பனார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மரங்களின் வயதுவாரியான அட்டவணையில் விரலை வைத்து வரி வரியாக இறங்கிக்கொண்டிருந்தார். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக வராது, எண்கள் வரும். ஓரிடத்தில் விரல் நின்றது. “அம்மா, இங்கே வா. இவ்வளவு கிழட்டு மரத்தை வைத்துக்கொண்டு ஹெக்டருக்கு இத்தனை டன் எப்படிக் காட்டுகிறான்? இதைக் கேட்டு எழுது” என்றார். அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.